எண்ணிப் பார்க்க வேண்டிய வேளை: வட்டாரச் சமயக் கணக்கெடுப்பும் நம் மாணவர்களும்

தைப்பூசம் வந்துவிட்டால் நம் நாட்டுத் தமிழ் நாளேடுகளின் முதற்பக்கத்தில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. பத்துமலையில் இத்தனை இலட்சம் பக்தர்கள் திரண்டனர் என்பதே அச்செய்தி. ஒருவர் பத்து இலட்சம் என்பார். இன்னொருவர் பதினைந்து இலட்சம் என்பார். படிக்கின்ற நாமும் பெருமிதம் கொள்கிறோம். ஆயினும் அந்தத் தொகையை எண்ணியவர் யார், எவ்வாறு எண்ணினார், எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை எண்ணினார் என்று நாம் கேட்பதில்லை.

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 24 இலட்சம். அவர்களுள் இந்துக்கள் 6.1 விழுக்காட்டினர். அதாவது, நாடு முழுமைக்கும் சேர்த்து இந்துக்களின் தொகை 20 இலட்சத்திற்குச் சற்றே குறைவு. தொட்டிற் குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் முதியவர் வரை அனைவரும் இத்தொகையுள் அடங்குவர். அதே தைப்பூச நாளில் பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும், சுங்கைப்பட்டாணியிலும், இன்னும் பல ஊர்களிலும் காவடிகள் புறப்படுகின்றன. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால், பதினைந்து இலட்சம் பேர் பத்துமலைக்கு வந்தனர் என்னும்போது நாட்டிலுள்ள இந்துக்களில் நால்வருள் மூவர் அங்கே வந்தனர் என்று பொருள்படும். அஃது அவ்வாறு இருக்க இயலுமா? சுற்றுலாப் பயணிகளும் சீன அன்பர்களும் அத்தொகையில் எத்தனை பேர்? இரவில் ஒரு முறையும் மறுநாள் காலையில் ஒரு முறையும் வந்தவர் இரண்டு பேராகக் கணக்கில் ஏறினாரா?

இவ்வினாக்களை எழுப்புவது விழாவின் சிறப்பைக் குறைப்பதற்கன்று. 1892ஆம் ஆண்டு முதல் பத்துமலையில் கொண்டாடப்பட்டு வரும் தைப்பூசத்தின் மாட்சி, எண்ணிக்கையைச் சார்ந்து நிற்பதன்று. ஆனால் நம் சமூகத்தின் நடைமுறைத் தேவைகள் எண்ணிக்கையைச் சார்ந்தே நிற்கின்றன. ஆலயத்திற்கு நிலம் கேட்கும்போதும், சமய வகுப்புக்கு ஆசிரியரைத் தேடும்போதும், மண்டபம் கட்ட முனையும்போதும், அர்ச்சகரை வரவழைக்கும்போதும் நம் கையில் இருக்க வேண்டியது உண்மையான கணக்கு. அக்கணக்கு பெரும்பாலான ஆலயங்களில் இல்லை. அதனை உருவாக்கும் ஆற்றலை நம் மாணவர்களுக்குக் கற்பிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாட்டுக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

மலேசியா அமைந்த பின்னர் 1970, 1980, 1991, 2000, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றுள்ளது. அதற்கு முன் மலாயாவில் 1947, 1957 ஆகிய ஆண்டுகளிலும், அவற்றுக்கு முன்பும் கணக்கெடுப்புகள் நிகழ்ந்தன. ஆகவே எண்கள் நமக்குப் புதியன அல்ல. எண்களைப் படிக்கும் பயிற்சியே நம்மிடம் குறைவு.

எடுத்துக்காட்டாக, மேடைதோறும் கேட்கும் கூற்று ஒன்றைக் காண்போம். ‘1957இல் இந்தியர்கள் 11 விழுக்காடு இருந்தோம், இன்று 6.7 விழுக்காடாகக் குறைந்துவிட்டோம்’ என்பர். இரண்டு எண்களும் ஏறத்தாழச் சரியானவையே. ஆனால் அவற்றை அப்படியே அருகருகே வைப்பது சரியன்று. 1957ஆம் ஆண்டின் எண் மலாயாக் கூட்டரசுக்கு உரியது. சபாவும் சரவாக்கும் அதில் இடம்பெறவில்லை. 2020ஆம் ஆண்டின் 6.7 விழுக்காடோ அவ்விரு மாநிலங்களையும் உள்ளடக்கிய மலேசியக் குடிமக்களுள் இந்தியர் பெறும் பங்கு. முன்னதன் அடித்தொகை வேறு. பின்னதன் அடித்தொகை வேறு. விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதை அறிய, ஒரே எல்லையை இரு காலங்களிலும் அளந்து பார்க்கவேண்டும். இவ்வேறுபாட்டைப் படிவம் நான்கு மாணவர் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம்.

இரண்டாவதாக, விழுக்காடு குறைவதும் தொகை குறைவதும் ஒன்றல்ல. 2010ஆம் ஆண்டில் நாட்டின் இந்துக்கள் 6.3 விழுக்காடு; தொகை ஏறத்தாழ 17 இலட்சத்து 80 ஆயிரம். 2020இல் விழுக்காடு 6.1ஆகக் குறைந்தது, தொகையோ 20 இலட்சத்தை நெருங்கியது. பங்கு குறைந்தது, எண்ணிக்கை கூடிற்று. மற்றவர்களின் வளர்ச்சி நம் வளர்ச்சியை விஞ்சியது என்பதே இதன் விளக்கம். அதே வேளையில், இந்தியப் பெண்களின் மகப்பேற்று விகிதம் ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1 என்னும் அளவுக்கு மிகவும் கீழே இறங்கிவிட்டது. இதன் விளைவு முதலில் கோயில் கூட்டத்தில் தெரியாது. சமய வகுப்பிலும் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பிலும் தெரியும். கோயிலின் முன்வரிசையில் நரைத்த தலைகள் நிறைந்திருக்க, பின்னே பாய் விரித்த வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் காட்சியை நாம் காண்கிறோம். அதனை எண்ணாக எழுதிவைத்தோமா?

மூன்றாவதாக, இந்தியர் என்பதும் இந்து என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் அல்ல. 2010ஆம் ஆண்டின் கணக்கில் மலேசிய இந்தியர்களுள் இந்துக்கள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர். எஞ்சியோர் கிறிஸ்துவர், இஸ்லாமியர், சீக்கியர், பௌத்தர் முதலானோர். மறுபுறம், நாட்டின் இந்துக்கள் தொகையில் குடிமக்கள் அல்லாத நேப்பாள, இந்தியத் தொழிலாளர்களும் சேர்ந்துள்ளனர். மலாக்காச் செட்டி மக்களைப் பாருங்கள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது விநாயகரையும் மாரியம்மனையும். 1781ஆம் ஆண்டில் எழுந்த மலாக்கா ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்கள் மரபின் சான்றாக இன்றும் நிற்கிறது. ‘தமிழர் எத்தனை பேர்?’ என்று கேட்டு இந்துக்களை எண்ணப் புகுந்தால் இவர்களை விட்டுவிடுவோம், நேப்பாளியரையும் விட்டுவிடுவோம், தெலுங்கு, மலையாளம் பேசுவோரையும் விட்டுவிடுவோம்.

நான்காவதாக, கணக்கெடுப்புப் படிவம் ஒருவருக்கு ஒரு சமயத்தையே குறிக்கும். ஆனால் வழிபாடு அவ்வாறு கோடு கிழித்து நிற்பதில்லை. பத்துமலையில் பால்குடம் ஏந்தும் சீன அன்பர் படிவத்தில் தம்மைப் பௌத்தர் என்றே எழுதியிருக்கக்கூடும். படிவத்தில் இந்து என்று எழுதிய நம் இளைஞர் ஒருவர், ஆண்டுக்கு ஒரு நாளன்றி ஆலயப் படியை மிதிக்காதவராகவும் இருக்கக்கூடும். சமயத்தைச் சார்ந்திருத்தல், ஆலயத்திற்கு வருதல், ஆலயத்தில் உறுப்பினராதல் என்பன மூன்று வெவ்வேறு செய்திகள். இம்மூன்றையும் பிரித்தறியக் கற்பதே சமயக் கணக்கெடுப்பின் முதற்பாடம்.

ஊர்க் கணக்கு ஏன் வேண்டும்?

நாட்டுக் கணக்கு நமக்கு மாநிலத்தின் நிலையைக் கூறும். மாவட்டத்தின் நிலையையும் ஓரளவு கூறும். 2010இல் நெகிரி செம்பிலானில் இந்துக்கள் 13 விழுக்காட்டுக்கு மேல். சிலாங்கூரில் 11 விழுக்காட்டுக்கு மேல். கிளந்தானிலும் திரங்கானுவிலும் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆனால் நம் ஆலயத்தைச் சுற்றியுள்ள மூன்று தாமான்களில் எத்தனை இந்துக் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை எந்த அரசாங்க ஏடும் நமக்கு எடுத்துத் தராது.

இதன் அருமையை உணரத் தோட்டப்புறக் கோயில்களின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. அதனைத் தடுத்து நிறுத்தும் முயற்சியாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரம் விரிந்து தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். கோயில் மட்டும் அங்கேயே நின்றது. நிலம் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தது. பின்னர் மேம்பாட்டு நிறுவனத்தின் பெயருக்கு மாறிற்று. கோயிலின் பெயரில் ஒருபோதும் இருந்ததில்லை. இன்று நாம் காணும் பல ஆலய நிலச் சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஆலயம் உடைக்கப்பட்டபோதும், 2018இல் சீபீல்டு ஆலய விவகாரத்தின்போதும் நம் சமூகம் அடைந்த வேதனையை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய வேளைகளில் அதிகாரிகள் கேட்கும் கேள்வி எளியது: ‘இக்கோயிலுக்கு வருவோர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே வாழ்கின்றனர்?’ நாமோ திருவிழாப் படத்தை எடுத்து நீட்டுகிறோம். திருவிழாக் கூட்டம் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுவது. அந்தத் தோட்டத்தில் பிறந்து, இன்று நாற்பது கல் தொலைவில் வாழ்பவர், தம் தாய்தந்தையர் வணங்கிய அம்மனைக் காணப் பிள்ளைகளுடன் அன்று வருகிறார். அது உயர்ந்த பக்தி, ஐயமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் அதே ஆலயத்தில் இருபது பேர் நிற்கின்றனர். இன்னொரு பக்கம், புதிதாக எழுந்த தாமானில் சில நூறு இந்துக் குடும்பங்கள் வாழ்ந்தும் அருகில் ஆலயமில்லாமல் இருக்கக்கூடும். முன்னதற்கு வேண்டுவது ஒரு தீர்வு. பின்னதற்கு வேண்டுவது வேறு தீர்வு. இரண்டையும் ‘ஆயிரக்கணக்கான பக்தர்கள்’ என்ற ஒரே தொடரால் விவரித்தால் இரண்டுக்கும் தீர்வு கிட்டாது. நகராண்மைக் கழகத்தின் மேசையில் உணர்ச்சிமிக்க கடிதத்தைவிட ஒரு பக்க அட்டவணை நெடுநேரம் பேசும்.

பிறர் செய்து காட்டியவை

வழிபாட்டிடங்களில் மக்களை எண்ணிப் பார்ப்பது புதிய முயற்சியன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1851ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வழிபாட்டிடங்களுக்கு வந்தோர் தொகை கேட்டுத் திரட்டப்பட்டது. ஹோரஸ் மான் என்பார் அதனைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். ஆயினும் அதில் ஒரு சிக்கல் எழுந்தது. காலை, பிற்பகல், மாலை என மூன்று வேளை வழிபாட்டுக்கும் வந்தோரை வேளைதோறும் எண்ணினர். காலையிலும் மாலையிலும் வந்த ஒருவரே இருவராகிவிட்டார். எனவே வருகைகளின் தொகை கிடைத்ததேயன்றி ஆட்களின் தொகை கிடைக்கவில்லை. பத்துமலைக் கணக்கில் நாம் இன்று எதிர்கொள்ளும் சிக்கல் இதுவேயன்றோ? பின்னர் 1902-1903ஆம் ஆண்டுகளில் இலண்டனின் ‘டெய்லி நியூஸ்’ நாளேடு, நகரத்து வழிபாட்டிடங்களின் வாசல்களில் ஆட்களை நிறுத்தி, ஆடவர், மகளிர், சிறுவர் எனப் பிரித்து எண்ணச் செய்தது.

நம் காலத்திற்கு அண்மையதான முயற்சி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டயானா எக், காசி நகரைப் பற்றி நூலெழுதியவர். அவர் 1991ஆம் ஆண்டில் ‘புளூரலிசம் புரோஜெக்ட்’ என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். இந்து சமயத்தைக் கற்க இந்தியாவுக்குத்தான் செல்லவேண்டும் என்றிருந்த மாணவர்களை அவர் தத்தம் சொந்த ஊர்த் தெருக்களுக்கு அனுப்பினார். பாஸ்டன் வட்டாரத்தில் எழுந்திருந்த இந்து ஆலயங்கள், பள்ளிவாசல்கள், பௌத்த நிலையங்கள், குருத்துவாராக்கள் ஆகியவற்றை மாணவர்கள் நேரில் கண்டு எழுதினர். குடியேறிய இந்துக்கள் கூடத்திலும் வாடகை மண்டபத்திலும் வழிபட்டு, பின்னர்க் கோபுரம் எழுப்பிய வரலாறு இவ்வாறு ஏட்டிலேறிற்று. அங்கே சில பத்தாண்டுகளே பழைமையுடைய ஆலயங்களுக்குக் கிடைத்த பதிவு, நூறாண்டு கடந்த நம் ஆலயங்கள் பலவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

மாணவர் செய்யத்தக்க ஐந்து பயிற்சிகள்

பெரும் பொருட்செலவின்றி, ஒரு விழாக் காலத்தையும் அதை அடுத்த சில வாரங்களையும் கொண்டு, மாணவர்கள் செய்யத்தக்க பயிற்சிகளை ஈண்டு முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, வரைபடம். ஆலயத்தை நடுவாகக் கொண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லா வழிபாட்டிடங்களையும் குறிக்கவேண்டும். சாலையோரக் காளியம்மன் மேடை முதல் பள்ளிவாசல், சூராவ், சீனக் கோயில், தேவாலயம், குருத்துவாரா வரை ஒன்றையும் விடலாகாது. நம்மை மட்டும் வரைந்தால் அது விளம்பரம். அனைவரையும் வரைந்தால்தான் அது ஆய்வு. தோன்றிய ஆண்டு, வழிபாட்டு மொழி, வாரத்தில் கூடும் நாள்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதலாம்.

இரண்டாவது, வாசற்கணக்கு. விழா நாளில் மட்டுமின்றி, விழாவிற்குப் பின் வரும் நான்கு சாதாரண வெள்ளிக்கிழமைகளிலும் எண்ணவேண்டும். மாலை 6 மணி முதல் 9 மணி வரை, உள்ளே வருவோரைச் சிறுவர், இளைஞர், நடுவயதினர், முதியோர் என நான்கு கட்டங்களில் கோடிட்டு எண்ணலாம். ஒரே வாசலில் இரு மாணவர் தனித்தனியே எண்ணி, பின்னர் ஒப்பிடட்டும். இருவர் கணக்கும் வேறுபடும். ஏன் வேறுபட்டது என்று ஆராய்வது, கணக்கைவிடப் பயன்மிக்க பாடம்.

மூன்றாவது, ஒரே ஒரு வினா. ‘இன்று எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? உங்களுடன் எத்தனை பேர் வந்துள்ளனர்?’ என்று மட்டும் கேட்கவேண்டும். சிரித்த முகத்தோடு நிற்பவர்களையும் தெரிந்தவர்களையும் தேடிக் கேட்டால் கணக்குக் கோணிவிடும். பத்தாவதாக வருபவர், இருபதாவதாக வருபவர் என்று முறைவைத்துக் கேட்கவேண்டும். காலைக் கூட்டமும் இரவுக் கூட்டமும் ஒன்றல்லவாதலின் இரு வேளையிலும் கேட்கவேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். விழாவிற்கு 3,000 பேர் வருகின்றனர். முறைப்படி 300 பேரிடம் கேட்டதில் 60 பேர் ஐந்து கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள். ஐவரில் ஒருவர் உள்ளூரார் என்று தெரிகிறது. ஆகவே உள்ளூர் அன்பர் ஏறத்தாழ 600 பேர். எஞ்சிய 2,400 பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அன்னதானத்திற்கு 3,000 இலைகள் வேண்டும். வாராந்திர வகுப்பையும் அறப்பணியையும் திட்டமிடுவதற்கோ 600 பேரையே கருதவேண்டும்.

நான்காவது, பழைய ஏடுகள். ஒவ்வோர் ஆலயத்திலும் உபயப் பட்டியல், அர்ச்சனைச் சீட்டின் அடிக்கட்டை, குடமுழுக்கு மலர், நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல் ஆகியன உண்டு. இவை நம் சமூகத்தின் கல்வெட்டுகள். இருபது ஆண்டுக்கு முன் பத்துத் திருவிழா நாளுக்கும் உபயகாரர் எவ்வெத் தோட்டத்தார், எவ்வெத் தொழில் செய்தோர் என்று பார்த்து, இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டால் ஊரின் இடப்பெயர்ச்சி முழுவதும் கண்முன் விரியும். அறுபதைக் கடந்த பெரியோரிடம் அமர்ந்து கேட்டால், ஏட்டில் இல்லாததும் கிடைக்கும்.

ஐந்தாவது, பெருங்கூட்டத்தை மதிப்பிடுதல். கலிபோர்னியாவில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பார் 1960களில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. கூட்டம் நிற்கும் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் நிற்போரை எண்ணி, கட்டங்களின் தொகையால் பெருக்குவதே அம்முறை. நெகிழ்ந்த கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர், நெருங்கிய கூட்டத்தில் இருவர், மூச்சுத் திணறும் நெரிசலில் நால்வர் என ஏறத்தாழக் கொள்ளலாம். நகரும் கூட்டத்திற்கு வேறு வழி உண்டு. பத்துமலையின் 272 படிகளில் ஒரு நிமிடத்திற்கு 100 பேர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இடைவிடாது 24 மணி நேரம் ஏறினாலும் தொகை 144,000தான். மலையேறாமல் அடிவாரத்திலேயே வழிபட்டுத் திரும்புவோர் பலராதலின் இது மொத்தக் கூட்டத்தின் கணக்கன்று. ஆயினும் இலட்சங்களைப் பற்றிப் பேசுமுன் எத்தகைய கேள்விகளைக் கேட்கவேண்டும் என்பதை இச்சிறு பெருக்கல் உணர்த்திவிடுகிறது.

கேட்கலாகாத கேள்விகள்

இப்பணியில் மாணவரை இறக்குமுன் ஆசிரியர்கள் உறுதியாக வரையவேண்டிய எல்லைகள் சில உண்டு. பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி ஆகியவற்றை எழுதக்கூடாது. சாதியைக் கேட்கவே கூடாது. வருமானத்தையும் கேட்கலாகாது. மதமாற்றம் குறித்த வினா மாணவர் கையில் இருக்கவேண்டிய வினாவன்று. இந்நாட்டில் அது சட்டத்தோடும் குடும்பங்களின் துயரத்தோடும் பிணைந்தது. வீடு வீடாகச் சென்று ‘நீங்கள் எந்தச் சமயம்?’ என்று விசாரிப்பதும் ஆகாது. பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திற்கு முன்னனுமதி பெற்று, பெரியவர் ஒருவர் துணையுடன், அவ்விடத்து ஒழுங்கை மதித்துச் செல்லவேண்டும். அங்கே ஆள்களை எண்ணி நிற்கலாகாது. நம் ஆலய வாசலில் வேறு யாரேனும் குறிப்பேட்டுடன் நின்றால் நமக்கு எப்படித் தோன்றுமோ அப்படித்தான் அவர்களுக்கும் தோன்றும். பதில் சொல்ல விரும்பாதவரை வணங்கி வழிவிடவேண்டும்.

இதில் நம்மவர் சிலர் தெரிவிக்கும் அச்சம் ஒன்றுண்டு. ‘வெள்ளிக்கிழமை இருபது பேர்தான் வருகின்றனர் என்று நாமே எழுதிக்கொடுத்தால், இந்தக் கோயில் எதற்கு என்று கேட்டுவிட மாட்டார்களா?’ என்பர். இவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. எண்ணிக்கை குறைந்த ஆலயத்தின் வரலாற்று உரிமையும் புனிதமும் எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுபவை அல்ல என்பதை நாம் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆனால் உண்மையை நாம் மறைப்பதால் அது மாறிவிடுவதில்லை. இருபது பேர் என்று தெரிந்துகொண்ட நிர்வாகம், பெயர்ந்துபோன குடும்பங்களைத் தேடி அழைக்கலாம்; அருகிலுள்ள ஆலயத்தோடு கூடிச் சமய வகுப்பை நடத்தலாம்; நிலத்தின் நிலையை நெருக்கடி வருமுன்பே பேசித் தீர்க்கலாம். தெரியாத நிர்வாகமோ, அறிவிப்புக் கடிதம் வாசலில் ஒட்டப்படும் நாளில்தான் விழித்துக்கொள்ளும். கணக்கு முதலில் ஆலயக் குழுவின் கையில் சேரட்டும். எதை எப்போது வெளியிடுவது என்பதைக் குழு தீர்மானிக்கட்டும்.

யார் கற்பிப்பது?

இதற்கெனப் புதிய அமைப்பு வேண்டுவதில்லை. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் கணிதப் பாடத்திலேயே தரவுகளைத் திரட்டிப் பட்டைக் குறிவரைவாக வரையும் பயிற்சி இடம்பெறுகிறது. விலங்குகளின் எண்ணிக்கையையும் பழங்களின் விலையையும் வரைந்து பழகும் பிள்ளைகள், தங்கள் ஊர்க் கோயிலின் வெள்ளிக்கிழமைக் கணக்கை வரைந்தால் கணிதமும் வளரும், ஊரறிவும் வளரும். இடைநிலைப்பள்ளி மாணவர் வினாவும் வரைபடமும் கையாளலாம். பல்கலைக்கழக மாணவர் பழைய ஏடுகளை ஆராயலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆய்வுமுறைகளை அறிந்தோர் நம்மிடையே இலர் என்று கூறுவதற்கில்லை. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம், வட்டாரப் பேரவைகள் வழியே திருமுறை ஓதும் போட்டிகளை நாடு தழுவ நடத்திவரும் அனுபவமுடையது. திருமுறைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் திரட்டும் அதே வழியில், ‘என் ஊர், என் ஆலயம்’ என்பதுபோன்ற ஒரு வட்டாரக் கணக்கெடுப்புப் போட்டியையும் நடத்தலாம். சிறந்த ஏட்டுக்கு ஒரு பரிசு. திரட்டிய ஏடுகளுக்கு ஆலயத்தில் ஓர் அலமாரி. செலவு அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் வகுப்பில் சோர்வடைவதற்குக் காரணம், கற்பது தம் வாழ்வோடு ஒட்டவில்லை என்ற உணர்வே. கேள்வி கேட்க அனுமதிக்கப்பட்ட பிள்ளை ஆலயத்தைத் தன்னுடையதாக உணர்கிறது. இந்தக் கொடிமரம் எப்போது வந்தது, இந்தக் கல்லில் உள்ள பெயர் யாருடையது, இந்தப் பாட்டி ஏன் இரண்டு பேருந்து மாறி இங்கே வருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் மாணவி, பத்தாண்டு கழித்து அதே ஆலயத்தின் நிர்வாகக் குழுவில் அமர முன்வருவாள். நமக்கு அடுத்த தலைமுறை நிர்வாகிகள் வேண்டும். அவர்களை உருவாக்கும் எளிய வழிகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நெடுங்காலமில்லை. பத்தாண்டுக்கு ஒரு முறை என்னும் முறைப்படி 2030ஐ ஒட்டி அது நடைபெறவேண்டும். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு பெருந்தொற்றின் நடுவே இணையம் வழியாகத் தொடங்கி, 2021இல் வீடுதோறும் சென்று நிறைவு செய்யப்பட்டது. படிவத்தை ஐயத்தோடு பார்த்தவர்களும், நிரப்பாமலே விட்டவர்களும் நம்மிடையே இருந்திருப்பர். எண்ணுதலின் பயனை ஆலய வாசலில் கற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை அப்படிவம் மேசையில் கிடக்காது. ‘அப்பா, இதை நிரப்புங்கள்’ என்று அவர்களே கொண்டுவந்து நீட்டுவர்.

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள்கள் உண்டு. நம் முன்னோர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது தற்செயலாக இருக்கலாம்; நமக்கு அஃது ஒரு வழிகாட்டல். இவ்வாண்டுத் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்கும் அன்னதானத்திற்கும் தொண்டர்களை நியமிக்கும் ஆலய நிர்வாகத்தினர், வாசலில் ஒரு குறிப்பேட்டுடன் இரண்டு மாணவர்களுக்கும் இடமளிப்பார்களாக. உபயகாரப் பெருமக்கள் அவ்விரு பிள்ளைகளையும் ஊக்குவிப்பார்களாக. வரிசையில் நிற்கும் அன்பர்கள், ‘எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?’ என்று ஒரு சிறுமி கேட்கும்போது, நின்று, மகிழ்ந்து, பதில் சொல்வார்களாக.